முயலின் பாதமும் நம் வீட்டுத் தரையும்

முயலை விரும்பி வளர்ப்பவர் பலர். அதன் உள்ளங்காலை ஒரு முறையேனும் திருப்பிப் பார்த்தவர் மிகச் சிலரே. சென்ற ஆண்டுவரை நானும் அந்தப் பலருள் ஒருவனாகவே இருந்தேன். விலங்கியலில் முதுகலை பயில்கிறேன். ஒரு மண்டையோட்டைக் கையில் கொடுத்தால், இது முயலுடையது, இது பூனையுடையது என்று பிரித்துச் சொல்லத் தெரியும். ஆயினும் என் அறையிலேயே ஒரு முயல் கால்களில் புண்ணோடு பல நாள் உட்கார்ந்திருந்தது. அதை நான் அறியவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. நம் சங்கத்து நண்பர்களில் முயல் வளர்ப்பவர் இருக்கின்றனர். இனி வளர்க்க எண்ணுபவரும் இருக்கலாம். நான் செய்த பிழையை அவர்கள் செய்யாதிருந்தால் போதும்.

தில்லியில் நான் தங்கியிருப்பது மொட்டைமாடியை ஒட்டிய ஒற்றை அறை. இவ்வூரார் அதனைப் ‘பர்சாத்தி’ என்பர். வீட்டுக்காரரின் மகள் பள்ளிச் சிறுமி. அவள் ஒரு வெள்ளை முயலை வளர்த்து வந்தாள். அதற்கு ‘மோத்தி’ என்று பெயரும் இட்டிருந்தாள். அவளுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வரவே, முயல் வீட்டிற்குள் இருத்தலாகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஒருநாள் மாலை கூண்டோடு முயலைத் தூக்கிக்கொண்டு தந்தையும் மகளும் மாடிக்கு வந்தனர். “பையா, நீங்கள் விலங்குகளைப் பற்றித்தானே படிக்கிறீர்கள்? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்றாள் அவள். அண்ணனைப் ‘பையா’ என்று அழைக்கும் ஊர் இது. வந்த புதிதில் எனக்குக் கோபமே வந்ததுண்டு! மோத்தி என்றால் முத்து. ஆகவே என் அறைக்கு வந்த நாள் முதல் அது முத்துவாயிற்று.

கூண்டு நல்ல உறுதியான கம்பிக் கூண்டு. பக்கங்களும் கம்பி, அடித்தளமும் கம்பி. எச்சம் கீழே உள்ள தட்டில் விழும்; தட்டை இழுத்துக் கழுவிவிடலாம். ‘எவ்வளவு தூய்மையான ஏற்பாடு!’ என்று நான் வியந்தேன். நாள்தோறும் கீரையும் புல்லும் நீரும் வைத்தேன். அதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

சிறுமி மாலைதோறும் மாடிக்கு வருவாள். அறைக்குள் வரமாட்டாள்; வாயிலில் நின்றே முயலைப் பார்ப்பாள். ஒருநாள் அவள் கேட்டாள்: “மோத்தி ஏன் சுடுகிற தரையில் நிற்பதுபோல் நிற்கிறது?” நான் திரும்பிப் பார்த்தேன். முத்து ஒரு பின்காலைச் சிறிது தூக்கி வைத்தது. சற்று நேரங்கழித்து மற்றொரு காலைத் தூக்கிற்று. மே மாதத்து மொட்டைமாடியில் செருப்பின்றி நிற்கும் குழந்தை எப்படிக் கால் மாற்றுமோ, அப்படி. விலங்கியல் மாணவன் காணாததைப் பத்து வயதுச் சிறுமி கண்டுவிட்டாள்.

முயலை மடியில் வைத்துப் பாதத்தைத் திருப்பினேன். இரு பின்கால்களிலும் குதிகாலின் அருகே உரோமம் உதிர்ந்திருந்தது. புளியங்கொட்டை அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. நடுவில் ஒரு பொருக்கு.

புண்ணுக்குக் காரணம் என்ன, அதை எப்படித் தடுப்பது என்பவற்றைக் காணுமுன், முயலின் பாதம் எப்படி அமைந்துள்ளது என்று பார்ப்போம்.

பாதத்தின் அமைப்பு

நாயின் பாதத்தையோ பூனையின் பாதத்தையோ தொட்டுப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்காலில் மெத்தென்ற சதைத் திண்டுகள் இருக்கும். கடினமான தரையில் நடக்கும்போது அவை அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கின்றன. முயலின் பாதத்தில் அத்தகைய திண்டுகள் இல்லை. மெல்லிய தோலும், அதன் மேல் அடர்ந்த உரோமமுமே உண்டு. தோலுக்கு மிக அண்மையில் எலும்பு இருக்கிறது. முயலுக்கு இயற்கை அளித்த காலணி அந்த உரோமம் ஒன்றேயாகும்.

இந்தக் காலணி எந்த நிலத்துக்காக அமைந்தது? நாம் வீட்டில் வளர்க்கும் முயல்கள் அனைத்தும் ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தவை. அதன் தாயகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பம். நம் பழம்பாடல்களில் வரும் முயலும், ஊர்ப்புறங்களில் இருட்டில் வண்டி வெளிச்சத்தைக் கண்டு துள்ளியோடும் முயலும் வேறு. அவை நம் நாட்டுக் காட்டு முயல்கள். காட்டு முயல் வளை தோண்டுவதில்லை; புதரிடையே தங்குகிறது. குழிமுயலோ மண்ணைத் தோண்டி வளை அமைத்துக் கூட்டமாக வாழ்வது. புல்லும் இளகிய மண்ணுமே அதன் தரை.

முயலுக்கு முன்காலொன்றுக்கு ஐந்து, பின்காலொன்றுக்கு நான்கு, ஆகப் பதினெட்டு நகங்கள் உள்ளன. இளகிய நிலத்தில் அது நிற்கும்போது நகங்கள் மண்ணில் சிறிது புதைகின்றன. மண்ணும் பாதத்தின் வடிவுக்கேற்ப அமுங்கிக் கொடுக்கிறது. எனவே உடலின் நிறை விரல்களிலும் பாதம் முழுவதிலும் பரவுகிறது. இனி அதே முயலைச் சிமிட்டித் தரையில் வைத்துப் பாருங்கள். நகம் புதைய இடமில்லை. நகங்கள் தரையில் முட்டி விரல்களை மேலே தள்ளுகின்றன. நிறை பின்னோக்கிச் சென்று குதிகாலின் மீது விழுகிறது. நகம் வெட்டப்படாமல் நீண்டிருந்தால் இத்தள்ளல் இன்னும் மிகும்.

ஓடும்போது முயல் விரல்களை ஊன்றி ஓடுகிறது. உட்காரும்போது பின்பாதம் முழுவதையும், விரல் முதல் குதிகால் வரை, தரையில் கிடத்திக்கொள்கிறது. கூண்டுக்குள் அடைபட்ட முயல் எவ்வளவு நேரம் ஓடும்? எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும்? இதனாலேயே புண் பெரும்பாலும் பின்கால்களில் வருகிறது.

அழுத்தத்தின் கணக்கு

அழுத்தம் என்பது நிறையை அது தாங்கும் பரப்பால் வகுத்து வருவது, பள்ளியிலேயே படித்தோம். பேச்சுக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். இரண்டு கிலோகிராம் முயல் ஒன்று. அதன் பாதங்கள் தரையில் படும் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 100 கிராம் தாங்குகிறது. அதே முயலைக் கம்பித் தளத்தில் வைத்தால் பாதத்தின் பெரும்பகுதி கம்பிகளுக்கு இடையே வெற்றிடத்தின் மேல் இருக்கும். கால் பங்கே கம்பியில் படுவதாயின், பரப்பு 5 சதுர சென்டிமீட்டராகக் குறைகிறது. இப்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 400 கிராம் தாங்கவேண்டும். முயல் அதேதான், தரை மாறியதும் சுமை நான்கு மடங்காயிற்று.

அழுத்தம் மிகுந்த இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. இரத்தம் ஓடாத தோல் நலிவடைகிறது. நெடுநாள் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வருவதும் இவ்வாறே. முயலின் பாதப்புண்ணும் ஒருவகைப் படுக்கைப்புண்ணே என்று கொள்ளலாம்.

புண் ஒரே நாளில் வந்துவிடுவதன்று. முதலில் உரோமம் தேய்ந்து உதிர்கிறது, தோல் சிவக்கிறது. பிறகு அவ்விடம் தடித்துக் காய்ப்புப் போலாகிறது. அடுத்துத் தோல் வெடித்துப் பொருக்குக் கட்டுகிறது. வெடித்த தோலின் வழியே ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் முதலிய நுண்ணுயிர்கள் உட்புகுந்து சீழ் கட்டுகின்றன. முயலின் சீழ் நம்முடையது போல் நீர்த்து வடிவதன்று. பனீரைப் போலக் கெட்டியாக உள்ளேயே தங்கிவிடும். நோய் இன்னும் ஆழ்ந்து சென்றால் எலும்பையும் தசைநாண்களையும் தாக்கும். அந்நிலையில் காலைக் காப்பதே அரிது. உயிரைக் காப்பதும் சில வேளை அரிதாகிவிடும். முதற்படியிலேயே கண்டுகொண்டால் தரையை மாற்றுவதே போதுமானதாக இருக்கும். எனவே எந்தப் படியில் கண்டுகொள்கிறோம் என்பதே முயலின் விதியைத் தீர்மானிக்கிறது எனலாம்.

எல்லா முயல்களுக்கும் இந்த ஆபத்து ஒரே அளவினதன்று. உடல் பெருத்தவை, கொழுத்தவை, அசையாமல் உட்கார்ந்திருப்பவை, மூட்டு நோயுற்ற முதியவை ஆகியவற்றுக்கு மிகுதி. 1919-ல் பிரான்சில் தோன்றிய ‘ரெக்ஸ்’ என்னும் இனத்தின் உரோமம் வெல்வெட்டுப் போல் குட்டையானது. பார்க்க அழகு, ஆனால் பாதத்திலும் உரோமம் குட்டையாதலின் பாதுகாப்புக் குறைவு. ஈரம் மற்றொரு பகை. சிறுநீரில் ஊறிய தோல் எளிதில் கிழியும்.

என் இரண்டாம் பிழை

நிற்க. முத்துவின் கதைக்கு வருவோம். கம்பியே காரணம் என்று ஊகித்தேன். அந்த ஊகம் சரிதான். உடனே முயலைக் கூண்டிலிருந்து விடுவித்து அறையின் மொசைக் தரையில் உலவவிட்டேன். நாள்தோறும் தரையை நீர்விட்டுப் பளபளவென்று துடைத்தேன். மருந்துக் கடையில் நமக்கென விற்கும் களிம்பு ஒன்றை வாங்கிப் பூசினேன். அதை முத்து நக்கிவிட்டது. துணியால் கட்டினேன், அதைக் கடித்து எறிந்தது. மூன்று வாரம் சென்றது. சிவப்புக் குறையவில்லை. ஒரு பாதத்தில் பொருக்குப் பெயர்ந்து இரத்தமும் கசிந்தது. மாலைதோறும் வாயிலில் வந்து நிற்கும் சிறுமியிடம், “நாளைக்குச் சரியாகிவிடும்” என்று பொய் சொல்லிக் கொண்டிருந்தேன்.

இறுதியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றேன். வயது முதிர்ந்தவர். பாதங்களைப் பார்த்தார்; நான் பூசிய களிம்பின் பெயரைக் கேட்டார். பிறகு, “மருந்து இருக்கட்டும். இது எந்தத் தரையில் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்” என்றார். கம்பியிலிருந்து எடுத்து மொசைக் தரையில் விட்டிருக்கிறேன் என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “உங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, இந்தத் தரையில் முழங்கால் மண்டியிட்டுப் பாருங்கள்” என்றார். மண்டியிட்டேன். அவர் முயலின் புண்ணைக் கழுவி முடிக்கும்வரை அப்படியே இருந்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிராது. எழுந்தபோது முழங்கால்கள் கெஞ்சின. “அது நாள் முழுவதும் அப்படித்தான் இருக்கிறது” என்றார் அவர்.

அன்று கற்றதை எந்தப் பாடநூலிலும் நான் அவ்வளவு தெளிவாகக் கற்றதில்லை. மூன்று வாரமும் நான் பாதத்துக்கு மருந்து தேடினேன். மருந்து தேவைப்பட்டது தரைக்கு. புண்ணை உண்டாக்கும் காரணம் நாள் முழுவதும் காலடியில் இருக்கும்போது, களிம்பு என்ன செய்யும்?

கம்பித் தளம் ஏன் வந்தது?

கூண்டு செய்பவர் முயலுக்குப் பகைவர் அல்லர். கம்பித் தளம் இறைச்சிப் பண்ணைகளிலிருந்து வந்தது. அங்கு அதற்கு நியாயமான காரணம் உண்டு. காக்சிடியா என்னும் ஒட்டுண்ணிகள் எச்சத்தின் வழியே பரவிக் குட்டிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும். எச்சம் உடனுக்குடன் கீழே விழுந்துவிட்டால் நோய் பரவுவது குறையும். பண்ணைக் குட்டிகள் சில மாதமே கூண்டில் இருப்பவை. உடல் நிறையும் குறைவு. ஆனால் பல ஆண்டு நம்மோடு வாழப்போகும் ஒரு முயலுக்கு அதே கூண்டு பொருந்துமா?

பண்ணையிலேயே கூட, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் தாய் முயல்களுக்குப் பாதப்புண் பெருந்தொல்லை. ஸ்பெயின் நாட்டுப் பண்ணைகளில் கம்பித் தளத்தின்மேல் பிளாஸ்டிக் மிதிபலகைகளைப் பொருத்திப் பார்த்தனர். பாதப்புண் குறைந்தது என்று 2009-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. நம் நாட்டிலும் முயல் ஆராய்ச்சி நடைபெறுகிறது. ராஜஸ்தானத்து அவிகாநகரில் 1962-ல் நிறுவப்பட்ட மத்தியச் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை, நம் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் உள்ளது. சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜயன்ட் ஆகிய இனங்கள் அங்கு வளர்க்கப்படுகின்றன. இவை நான்கு கிலோவும் அதற்கு மேலும் வளரக்கூடியவை. இத்தகைய பெரிய இனத்துக் குட்டியை அழகு கண்டு வாங்கி வீட்டில் வளர்ப்பவர், அது வளர்ந்தபின் அதன் பாதம் தாங்கவேண்டிய சுமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எந்தத் தரை நல்லது?

நல்ல தரைக்கு மூன்று குணங்கள் வேண்டும். அது அமுங்கிக் கொடுக்கவேண்டும், வழுக்கக் கூடாது, உலர்ந்திருக்கவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை. நம் வீடுகளில் கிடைக்கும் பொருள்களை இந்த மூன்றையும் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

மொசைக், பளிங்கு, ஓடு பதித்த தரைகள் அமுங்குவதில்லை, வழுக்கவும் செய்யும். செய்தித்தாள் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் மெத்தென்று இராது, காலுக்கடியில் நழுவும். எனவே அது அடியில் இடத் தக்கது, தனியே போதாது. சாக்கு சொரசொரப்பானது, அதன் இழைகளில் நகம் மாட்டிக்கொள்ளும். செயற்கை நூல் கம்பளம் பார்வைக்கு மென்மையாகத் தோன்றினும் பாதத்து உரோமத்தைத் தேய்த்துவிடும். அதன் நூலை முயல் கடித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். ரப்பர், நுரைப் பாய்களையும் முயல் கடிக்காது விடாது. அவையும் குடலுக்கு ஆகா.

கோரைப்பாய் நல்லது, ஆனால் சாயமிடாததாக இருக்கவேண்டும். முயல் அதையும் கடிக்கும். கோரையைக் கடிப்பதால் தீங்கில்லை. பாயின் ஓரத்து நூல் பிரிந்தால் மட்டும் வெட்டிவிடவேண்டும். தனிப் பாய் மெல்லியது. அதனடியில் மெத்தென்ற ஒன்று வேண்டும்.

எல்லாவற்றிலும் சிறந்தது உலர்புல்லும் வைக்கோலுமே. நான்கு விரற்கடை உயரத்துக்காவது பரப்பினால்தான் பயன் உண்டு. பேருக்கு நாலு தாள் தூவினால் முயல் அதை விலக்கிவிட்டுத் தரையில்தான் உட்காரும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் வைக்கோலை எரிக்க, அந்தப் புகையில் தில்லி மூச்சுத் திணறுகிறது. அதே வைக்கோலில் ஒரு கட்டைத் தேடி நான் எருமைத் தொழுவம் தொழுவமாக அலைந்தேன் என்றால் நண்பர்கள் சிரிப்பீர்கள். பூஞ்சை பிடித்த வைக்கோல் மட்டும் ஆகாது. மரத்தூளைத் தவிர்க்கவேண்டும், அதன் தூசி மூக்கில் ஏறும். தேவதாரு போன்ற மணமுள்ள மரங்களின் சீவலும் முயலுக்குக் கேடு.

இனி, முத்துவுக்காக நான் அமைத்த தரையைக் கூறுகிறேன். அடியில் செய்தித்தாள் பல மடிப்பு. அதன்மேல், தில்லிக் குளிருக்கு வாங்கிப் பழையதாகிப்போன பஞ்சு ரஜாய் ஒன்றை இரண்டாக மடித்து விரித்தேன். அதன்மேல் ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமக்காளம். ஓரங்களை உட்புறம் மடித்துச் செருகிவிட்டேன். முத்து படுக்கும் மூலையில் மட்டும் ஜமக்காளத்தின்மேல் வைக்கோல். தொலைபேசியில் இதைக் கேட்ட அம்மா, “ஏண்டா கண்ணு, ஜமக்காளத்தை முயலுக்கா விரிச்சே?” என்று வருந்தினார்கள். புண்ணின் படத்தை அனுப்பினேன். மறுநாள் அவர்களே, “இன்னொண்ணு அனுப்பட்டுமா?” என்று கேட்டார்கள்.

துணியை மெல்லும் பழக்கம் உள்ள முயலுக்கு இந்த ஏற்பாடு ஆகாது; அதற்குப் பாயும் புல்லுமே தகும். கம்பிக் கூண்டைத் தவிர வேறு வழியில்லாதவர் அடித்தளத்தின் பெரும்பகுதியை மறைக்கும்படி ஒரு பலகையிட்டு, அதன்மேல் பாயும் வைக்கோலும் பரப்பலாம். மரம் சிறுநீரை உறிஞ்சுமாதலால் இரண்டு பலகை வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றி வெயிலில் உலர்த்தவேண்டும்.

முயல் பொதுவாக ஒரே மூலையில் சிறுநீர் கழிக்கும் இயல்புடையது. அந்த மூலையில் ஓர் அகன்ற தட்டில் செய்தித்தாளும் அதன்மேல் உலர்புல்லும் இட்டு நாள்தோறும் மாற்றினால் மற்ற இடம் ஈரமாகாது. முயலின் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. தட்டில் வெண்மையாகப் படியும். சிறிது வினிகர் ஊற்றித் தேய்த்தால் போய்விடும். பினாயில் இட்டுத் துடைத்த தரையில் ஈரம் உலருமுன் முயலை விடலாகாது.

பருவங்களையும் நோக்கவேண்டும். முயலுக்கு வெப்பம் ஆகாது. 30 பாகை செல்சியசுக்கு மேல் அது துன்புறும். தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுகிறது. அப்போது முயல் மெத்தையை விட்டுக் குளிர்ந்த தரையைத் தேடும். அதற்கென ஒரே ஓர் ஓட்டுத் துண்டை ஒரு பக்கம் வைக்கலாம். படுத்துக் குளிர்ந்தபின் அது மெத்தைக்குத் திரும்பும். தரை முழுவதையும் ஓடாக விடுவதுதான் தவறு. மழைக்காலத்தில் விரிப்பு நமுத்துப்போகும். வெயில் கண்ட நாளெல்லாம் உலர்த்தவேண்டும்.

கையும் கண்ணும் செய்ய வேண்டியவை

முயல் வலித்தால் கத்தாது. மற்ற விலங்குகளுக்கு இரையாகும் உயிர் அது. வலியை வெளிக்காட்டும் முயலைத்தான் கழுகும் நரியும் முதலில் குறிவைக்கும். எனவே வலியை மறைப்பது அதன் இயல்பாகிவிட்டது. நாம் கேட்கும்வரை அது சொல்லாது. நாம் கேட்பதென்பது பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதேயாகும்.

வாரம் ஒரு முறை பாருங்கள். தரையில் அமர்ந்து, முயலின் முதுகை மார்போடு அணைத்து, பின்பாகத்தை ஒரு கையால் நன்கு தாங்கிக்கொண்டு, மற்றொருவரைப் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தாங்காமல் தூக்கினால் அது உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும். குதிகாலில் சிறு வழுக்கை சில முயல்களுக்கு எப்போதும் இருப்பதே. உரோமத்தை விலக்கினால்தான் அது தெரியும். ஆனால் சிவப்பு, வீக்கம், வெடிப்பு, பொருக்கு ஆகியவற்றில் எது கண்டாலும் காலந்தாழ்த்தலாகாது. பாதத்து உரோமத்தை ஒருபோதும் கத்தரிக்கவேண்டாம். நகங்களை மட்டும் மாதம் ஒரு முறை பார்த்து, உள்ளே ஓடும் இரத்தக் குழாயைத் தொடாமல் நுனியை வெட்டவேண்டும்.

நாள்தோறும் சில மணி நேரமாவது ஓடவிடுங்கள். ஓடும் முயலுக்குக் கால் மாறும், இரத்தம் ஓடும், உடலும் கொழுக்காது.

மருந்தைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். வீட்டில் மிஞ்சிய மாத்திரையை முயலுக்குக் கொடுக்கவே கூடாது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால், முயலின் குடலில் உணவைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து, தீயவை பெருகி, முயல் இறந்துவிடக்கூடும். நமக்கு உயிர் காக்கும் மருந்து அதற்கு நஞ்சாகிறது. இறுகக் கட்டுப் போடுவதும் தவறு; அழுத்தத்தால் வந்த புண்ணுக்கு மேலும் அழுத்தம் தருவதாகும். முயல் அரைநாள் உண்ணாதிருந்தாலும் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அதன் குடல் நின்றுவிட்டால் மீள்வது கடினம்.

முத்துவுக்கு மருத்துவர் புண்ணைக் கழுவி, வலிநீக்கும் மருந்தும் முயலுக்கு ஏற்ற நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுத்தார். புதிய தரையில் விட்டபின் பத்தாம் நாள் கசிவு நின்றது. தோல் மூடிக்கொள்ள இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இடப்பாதத்தில் உரோமம் மீண்டும் முளைத்துவிட்டது. வலப்பாதத்தில் ஒரு சிறு வழுக்கை இன்னும் இருக்கிறது. இனி அங்கு முளைக்கும் என்று நான் நம்பவில்லை. வாரந்தோறும் அதைப் பார்க்கும்போது, பளபளவென்று துடைத்த என் தரை நினைவுக்கு வருகிறது.

ஒருநாள் மாலை சிறுமி வழக்கம்போல் வாயிலில் நின்றாள். முத்து ஜமக்காளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடி, நடுவில் துள்ளிக் காற்றிலேயே உடலைத் திருப்பிற்று. மகிழ்ந்த முயல் அவ்வாறு துள்ளும் என்று படித்திருந்தேன், அன்றுதான் கண்டேன். “பையா, இப்போது தரை சுடவில்லை போலிருக்கிறது” என்றாள் அவள்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு முயல் இருந்தால் இன்றிரவே அதன் பின்காலைத் திருப்பிப் பாருங்கள். அது நிற்கும் இடத்தில் உங்கள் முழங்காலை ஊன்றிப் பத்து நிமிடம் இருந்தும் பாருங்கள். உங்கள் முழங்காலுக்குப் பொறுக்காத தரை அதன் பாதத்துக்கும் பொறுக்காது.